பழனி மலைத்தொடரில் சைக்கிளும் கூடாரமும்: ஐந்து நாள் பயணத்துக்கு எப்படித் தயாராவது

ராத்திரி எட்டரை இருக்கும். கொடைக்கானல் பக்கம், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே, பைன் மரங்களுக்கு நடுவே கூடாரத்தை அடித்துவிட்டு ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. வனக்காவலர் ஒருவர், கூட இன்னொருவர். "தம்பிகளா, இது ரிசர்வ் ஃபாரஸ்ட். இங்க படுக்கக் கூடாது. நேத்து இதே வழியாத்தான் காட்டு மாடு எட்டு பத்து இறங்கிச்சு. கிளம்புங்க" என்றார். அதட்டவில்லை. பனியில் நனைந்து கனத்துப்போன கூடாரத்தை நாங்கள் சுருட்டிக் கேரியரில் கட்டும்வரை நின்று வெளிச்சம் காட்டினார். அப்புறம் ஐந்து கிலோமீட்டர், முன்சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி நடந்தோம்.

அந்தப் பயணத்துக்குச் சென்னையிலிருந்து போன நாங்கள் மூவரும் மூன்று மாதம் தயாரானோம். கியர், டயர், எந்த ஊருக்கு எவ்வளவு ஏற்றம் என்று எல்லாவற்றையும் பார்த்தோம். ராத்திரி எங்கே படுப்பது என்பதை மட்டும் 'போய்ப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டோம். இந்த மலையில் சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போடுவது என்றால் முதலில் இரவுகளுக்குத் திட்டம் போடவேண்டும். அது சரியாக இருந்தால் பகல் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். அடுத்த ஆண்டு அதே பாதையில் மறுபடி போனோம், ஒரு இரவுகூடச் சிரமப்படவில்லை. அந்த இரண்டாவது பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வத்தலக்குண்டில் ஏறி, தாண்டிக்குடி, கொடைக்கானல், மன்னவனூர் போய்விட்டுப் பழனியில் இறங்குகிற பாதை. மலையில் ஐந்து நாள், போக வர இரண்டு நாள், ஆக ஏழு நாள் விடுப்பு தேவை.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, சனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், சாலை காய்ந்திருக்கும். குளிர் மட்டும் கடுமை. கொடைக்கானலில் சனவரி இரவு 8 டிகிரி வரை சாதாரணமாக இறங்கும். மன்னவனூர்ப் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கூடாரத்தில் படுக்கிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் அடித்துப் பெய்யும். மரம் சாய்வதும் மண் சரிவதும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களில் ஊர் முழுக்கச் சுற்றுலா வண்டிகள். மலைச்சாலையில் கார் வரிசைக்கும் பள்ளத்துக்கும் நடுவே சைக்கிள் மிதிக்க வேண்டிவரும். செப்டம்பர் எனக்குப் பிடிக்கும். அவ்வப்போது தூறல் இருந்தாலும் எல்லாம் பச்சையாக இருக்கும், அறை வாடகையும் குறைவு.

இன்னொன்றையும் காலண்டரில் பாருங்கள். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வரும் வாரங்களில் பழனியைச் சுற்றிய எல்லாச் சாலைகளிலும் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். ராத்திரியும் நடப்பார்கள். அந்த நாட்களில் பழனியில் இறங்கினால் அறையும் கிடைக்காது, சைக்கிளை ஓட்டவும் முடியாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ காலம். வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களைத் திடீரென்று மூடிவிடுவார்கள். பொதுச் சாலைக்குத் தடை இருக்காது. ஆனால் பேரிஜம் ஏரி மாதிரி இடத்தை நம்பி ஒரு நாளை ஒதுக்கியிருந்தால் அது வீணாகும்.

2. பாதையை ஐந்து பகலாகப் பிரியுங்கள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 55 கி.மீ. காகிதத்தில் பார்த்தால் ஒரே நாளில் ஏறிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கீழே 300 மீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து மேலே 2,100 மீட்டருக்குப் போகவேண்டும். சுமையோடு ஏறினால் மணிக்கு 6, 7 கி.மீ.தான் வரும். புதிதாகப் போகிறவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடி. 40 கி.மீ.யை ஒட்டி வரும். முதன்மை மலைச்சாலையைவிட இதில் வண்டி குறைவு. காபித் தோட்டத்து நிழல் தலைக்கு மேலேயே வரும். மிளகுக் கொடி ஏறிய மரங்கள், ஆரஞ்சு, மலைவாழை என்று இருபுறமும் பார்த்துக்கொண்டே ஏறலாம். காலை ஆறு மணிக்கே மிதிக்கத் தொடங்குங்கள். சித்தரேவைத் தாண்டும்வரை வெயில் சுடும்.

இரண்டாம் நாள், தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு வந்து, ஊத்து என்ற இடத்தில் முதன்மைச் சாலையைப் பிடித்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல். பெருமாள்மலைக்கு மேல் கடைசி 12 கி.மீ.தான் மனதைக் கரைக்கும். சுற்றுலா வண்டிகள் அதிகம், வெள்ளி அருவி முன்னால் கார்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டால் பெருமாள்மலையிலேயே தங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர், சுமார் 35 கி.மீ. இந்த நாளுக்காகத்தான் மொத்தப் பயணமும். மேலிருந்து பார்த்தால் பூம்பாறை ஊர் பள்ளத்தில் ஒரே கொத்தாகத் தெரியும், சுற்றிலும் பூண்டும் கேரட்டும் உருளையும் போட்ட படிக்கட்டு வயல்கள். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து வயல்களில் விளைவதுதான். அறுவடைச் சமயத்தில் வீட்டுக்கு வீடு பூண்டுக் கட்டு தொங்கும், அந்த வாசனை சாலைவரை வரும்.

நான்காம் நாள் சுமையை மன்னவனூரிலேயே வைத்துவிட்டு, வெறும் சைக்கிளில் கவுஞ்சி, பூண்டி வரை போய் வாருங்கள். மதியம் சுமையை எடுத்துக்கொண்டு பூம்பாறைக்குத் திரும்பி அங்கே தங்குங்கள். ஐந்தாம் நாள் பூம்பாறையிலிருந்து கொடைக்கானல், பெருமாள்மலை, வடகவுஞ்சி, சவரிக்காடு வழியாகப் பழனி. 80 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், பெரும்பகுதி இறக்கம்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. செல்பேசி வரைபடத்தில் பேரிஜத்திலிருந்து மூணாறுப் பக்கம் ஒரு கோடு தெரியும். அந்தப் பழைய சாலை போக்குவரத்துக்கு மூடியது, காட்டுக்குள் கிடப்பது. அதேபோல் கிளாவரை போனால் 'அப்படியே வட்டவடைக்கு இறங்கிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அதுவும் காட்டு வழி. மாநில எல்லையில் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் பிடிபட்டால் சைக்கிளைப் பறிமுதல் செய்து வழக்கு போடலாம். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். சாலையே போதுமான அழகு.

3. ஒவ்வொரு இரவுக்கும் கூரை முடிவான பிறகே பயணச்சீட்டு எடுங்கள்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

கொடைக்கானலைச் சுற்றிய காட்டில் பெரும்பகுதி 2013 முதல் வன உயிரினச் சரணாலயம். மற்றதில் கணிசமான பகுதி காப்புக்காடு. இரண்டிலும் அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். சாலையோரப் பைன் தோப்பு, ஏரிக்கரை, புல்வெளி என்று படத்தில் கூடாரம் போட ஆசையாக இருக்கிற இடங்கள் அநேகமாக எல்லாமே வனத்துறை நிலம்தான்.

சரி, தனியார் தோட்டத்தில் போடலாமா? அதிலும் கவனம் வேண்டும். 2021 சனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அதற்குப் பிறகு மலை மாவட்டங்களில் கூடாரத் தங்கலின் மேல் அதிகாரிகளின் பார்வை இறுகிவிட்டது. உரிமம் இல்லாமல் கூடாரங்களை வாடகைக்கு விடும் இடங்களுக்குப் போகாதீர்கள். சோதனை வந்தால் நடு ராத்திரியில் வெளியேற வேண்டியது நீங்கள்தான். சமூக வலைத்தளத்தில் நல்ல படம் போட்டிருப்பதால் அது முறையான இடம் ஆகிவிடாது. முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

நாங்கள் இரண்டாம் முறை செய்தது இது. நான்கு இரவுக்கும் ஊருக்குள் இருக்கும் வீடுகளைப் பிடித்தோம். இரண்டு இடத்தில் முறையாகப் பதிவு செய்த ஹோம்ஸ்டே, ஒரு இடத்தில் சாதாரண லாட்ஜ், மன்னவனூரில் மட்டும் தெரிந்தவர் மூலமாக ஒரு விவசாயி வீடு. போன் பேசும்போதே மூன்று கேள்வி கேட்டோம். கூடாரத்தை வீட்டு வாசலில், சுற்றுச்சுவருக்குள் போடலாமா? உங்கள் ஊரில் அதற்குத் தடை எதுவும் உண்டா? போட முடியாவிட்டால் அறை அல்லது திண்ணை கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால்தான் இரவு உறுதி. கூடாரம் அதற்குப் பிறகு கிடைக்கும் மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

கொடைக்கானலுக்குள் கூடாரம் வேண்டாம். அங்கே காட்டு மாடு தெருவிலேயே நடமாடுகிறது. ஒரு அறை எடுத்து, துணி துவைத்து, சார்ஜ் ஏற்றி, வெந்நீரில் குளித்துவிட்டுப் படுங்கள்.

விவசாயி வீட்டில் தங்கும்போது ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஆவணம் ஒன்றும் தேவையில்லை. 'இன்ன ஊர், இன்னார் ஆகிய எனது பட்டா நிலத்தில் அமைந்த வீட்டில், இன்ன தேதி இரவு, கீழ்க்கண்ட மூவர் என் விருந்தினராகத் தங்க எனக்குச் சம்மதம்' என்று எழுதி, உங்கள் மூவர் பெயரும் செல்பேசி எண்ணும் போட்டு, அவர் கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடமே கொடுங்கள். எங்களிடம் ஒரு முறை விசாரணை வந்தபோது இந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மன்னவனூரில் அந்த வீட்டுப் பாட்டி நாங்கள் கூடாரக் கம்பியை ஊன்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, உள்ள இவ்ளோ இடம் கெடக்கு, பனியில எதுக்குப் படுக்குறீங்க?" என்றார். ஆசையாக இருக்கிறது பாட்டி என்றோம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பழைய சாக்குகள் நான்கைக் கொண்டுவந்து கூடாரத்துக்கு அடியில் விரிக்கச் சொன்னார். அந்த மலையில் நான் கற்ற மிகப் பயனுள்ள பாடம் அந்தச் சாக்கு. கீழேயிருந்து ஏறும் குளிரைத்தான் முதலில் தடுக்கவேண்டும். போர்வை எத்தனை போர்த்தினாலும் அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் விடியும்வரை தூக்கம் வராது.

4. தாள்கள்

ஒரு நெகிழி உறையில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஆதார் அட்டையும் அதன் நகல்கள் ஆறும் (ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஒன்று கேட்பார்கள்), சைக்கிள் வாங்கிய பில்லின் நகல், தங்கும் வீடுகளின் பெயர், எண், தேதி எழுதிய ஒரு தாள், சம்மதக் கடிதம். சைக்கிள் பில் எதற்கு என்று தோன்றும். ரயில் லக்கேஜ் அலுவலகத்தில் எங்களிடம் கேட்டார்கள். சட்டகத்தின் அடியில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இ-பாஸ் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அது மோட்டார் வாகனங்களைக் கட்டுப்படுத்த வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் உங்கள் சுமையை ஏற்றிக்கொண்டு நண்பர் ஒருவர் காரிலோ பைக்கிலோ பின்னால் வந்தால் அவருக்குக் கட்டாயம் வேண்டும். இணையத்தில் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கோடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைக்கிறார்கள், அதனால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

பேரிஜம் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு தனி. அதில் சைக்கிளை விடுவார்களா என்பதை முந்தின நாளே கொடைக்கானல் வன அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்தத் திட்டத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

5. சைக்கிள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை, தாழ்ந்த கியர் தேவை. முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தில் 22 முதல் 26 பல், பின்னால் மிகப் பெரியதில் 32 அல்லது 34 பல் இருந்தால் சுமையோடு உட்கார்ந்தே ஏறலாம். அதற்கு மேல் கனமான கியராக இருந்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியை மாற்றித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு மலை ஏறாதீர்கள். கேரியரில் இருபுறமும் தொங்கும் பைதான் சரி. எங்களில் ஒருவர் முதல் முறை முதுகுப்பையோடு வந்தார். தடியன்குடிசை வருவதற்குள் தோள்பட்டையில் தோல் உரிந்துவிட்டது.

வால்வு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கொஞ்சம் நல்ல சைக்கிள் டியூப்களில் மெலிந்த பிரெஸ்டா வால்வு இருக்கும். கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு கடையில் அண்ணன் ஒருவர் டியூபை அழகாக ஒட்டிக் கொடுத்துவிட்டு, காற்று அடிக்க வழியில்லாமல் அரை மணி நேரம் எங்களோடு நின்றார். துணி சுற்றிப் பார்த்தார், குழாயை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. விரல் நுனி அளவு பித்தளை மாற்றுமுனை ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. ஆளுக்கு ஒன்று வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். சொந்தக் கைப்பம்பும் இருக்கட்டும்.

ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுப்போடும் பொருள், செயின் இணைப்பு, ஒரு சோடி பிரேக் கட்டை. இவை நான்கும் இல்லாமல் வத்தலக்குண்டைத் தாண்டாதீர்கள். கொடைக்கானலிலும் உங்கள் பிரேக்குக்கு ஏற்ற கட்டை கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, முழுச் சுமையோடு வாரம் ஒரு முறையாவது 50 கி.மீ. ஓட்டுங்கள். ஊரில் மேடு இல்லை என்றால் மேம்பாலத்தில் பத்து முறை ஏறி இறங்குங்கள். சென்னைக்காரர்கள் நாங்கள் அப்படித்தான் பழகினோம்.

6. சைக்கிளை ரயிலில் கொண்டுபோவது

பயணச்சீட்டு 60 நாள் முன்னால் திறக்கும். திறந்த அன்றே எடுங்கள்.

சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்து, ரயிலோடு வரும் சரக்குப் பெட்டியான பிரேக் வேனில் அனுப்பவேண்டும். 'பார்சல்' என்று போடாமல் 'லக்கேஜ்' என்று கேட்டுப் போடுங்கள். லக்கேஜ் என்றால் உங்கள் சீட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே ரயிலில் அனுப்புவது. பார்சல் வேறு ரயிலில், வேறு நாளில்கூட வரலாம். இலவச எடை வரம்பு சைக்கிளுக்குப் பொருந்தாது, தனிக் கட்டணம்தான். எங்களுக்கு ஒரு பக்கத்துக்கு 250 ரூபாய்க்குள் ஆனது. ரயில் புறப்பட மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்துக்குப் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, கியர் பக்கத்தை அட்டையால் மூடிச் சாக்கில் தைத்துவிடுங்கள். பெயர், எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் இரண்டு பக்கமும் கொட்டையெழுத்தில் இருக்கவேண்டும்.

அடுத்த பொறி, கொடைரோடு நிலையம். பெயரைப் பார்த்து அங்கே இறங்கலாம் என்று தோன்றும். ரயில் நிற்பது சில நிமிடம்தான், அதற்குள் பிரேக் வேனைத் திறந்து சைக்கிளை இறக்கவேண்டும். நடக்காவிட்டால் சைக்கிள் மதுரை போய்விடும். அதனால் மதுரையில் முடியும் ரயிலில் மதுரைக்கே பதிவு செய்யுங்கள். கடைசி நிலையத்தில் நிதானமாக இறக்குவார்கள். அங்கிருந்து நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு சுமார் 60 கி.மீ., சமதளம். அந்த ஒரு நாள் ஓட்டத்தில் எந்தக் கட்டு தளர்கிறது, எந்தத் திருகு சத்தம் போடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மலையில் தெரிவதைவிட அங்கே தெரிவது நல்லது.

சமைக்கும் கேஸ் உருளையை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, சின்னதாக இருந்தாலும். நாங்கள் அடுப்பையே விட்டுவிட்டோம்.

7. தண்ணீர், சாப்பாடு, பணம்

ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் இடமில்லை, சோதனைச் சாவடியிலேயே பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு மூன்று லிட்டர் கொண்டுபோங்கள். ஓடைத் தண்ணீரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். மேலே கேரட், முட்டைக்கோஸ் வயல்கள் இருக்கின்றன, அடிக்கும் மருந்து மழையோடு ஓடையில்தான் இறங்குகிறது. கொதிக்கவைத்தாலும் அது போகாது. வீடுகளிலும் டீக்கடைகளிலும் கேட்டால் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறை எல்லா இடத்திலும் டீக்கடையும் சாப்பாடும் உண்டு. சிக்கல் மதியத்துக்கு மேல்தான். சின்ன ஊர்களில் மூன்று மணிக்கு மேல் சோறு தீர்ந்துவிடும். கடலை மிட்டாயும் மலைவாழைப் பழமும் பையில் எப்போதும் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டைத் தங்கும் வீட்டில் மதியமே சொல்லிவிடுங்கள்.

பூம்பாறைக்கு அப்பால் சிக்னல் விட்டுவிட்டு வரும். மூன்று பேர் போனால் மூன்று பேரும் ஒரே நிறுவனச் சிம் வைத்திருக்காதீர்கள். செல்பேசியில் பணம் அனுப்பலாம் என்று நம்பாமல், கொடைக்கானலிலேயே ஆளுக்கு 3,000 ரூபாய் சில்லறை நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

8. விலங்குகள்

ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேரவேண்டும். இந்த ஒரு விதியை மீறாவிட்டால் பாதி ஆபத்து இல்லை. தாண்டிக்குடிப் பக்கத்துக் கீழ்ப்பழனி மலையில் காபித் தோட்டங்களுக்குள் யானை வரும், பேத்துப்பாறைப் பக்கமும் அடிக்கடி வரும். காலையில் கிளம்பும்போது டீக்கடையில் "யானை எந்தப் பக்கம்ணே இருக்கு?" என்று கேளுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு முந்தின ராத்திரிச் செய்திவரை தெரியும். இருக்கிறது என்றால், முதல் பேருந்து போகும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள்.

காட்டு மாடு நின்றால் மணியடிக்காதீர்கள், விளக்கைக் கண்ணில் அடிக்காதீர்கள். தூரத்திலேயே இறங்கி நில்லுங்கள், அது போகட்டும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் வளைவில் திடீரென்று பக்கத்தில் போய்விடுவோம், அதுதான் ஆபத்து. வளைவுக்கு முன்னால் பேசிக்கொண்டே போங்கள். ராத்திரி சிறுநீர் கழிக்க வயல் பக்கம் இறங்காதீர்கள், சூரிய மின்வேலி போட்டிருப்பார்கள். மழைக் காலமென்றால் தாண்டிக்குடிப் பக்கம் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பு கையில் இருந்தால் போதும்.

9. செலவு

எங்களுக்கு ஆளுக்கு ஆனது: ரயில் தூங்கும் வசதி இரண்டு பக்கமும் 750, சைக்கிளுக்கு 500, வத்தலக்குண்டும் பழனியும் சேர்த்து ஆறு இரவுக்கு 3,300, ஏழு நாள் சாப்பாடு 2,450, டியூபும் பிரேக் கட்டையும் 1,100. ஆக 8,100 ரூபாய். இதற்கு மேல் 1,500 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். காலோ சைக்கிளோ கெட்டுப்போனால் மன்னவனூரிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டிகள் உண்டு, ஓட்டுநரிடம் பேசி ஏற்றிவிடலாம். கூடாரமும் தூங்கும் பையும் முதல் பயணத்துக்கே வாங்காதீர்கள். வாடகைக்கோ நண்பர்களிடமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

10. பழனிக்கு இறங்குவது

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அடிபடும். ஐந்தாம் நாள் காலையில் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றுங்கள். பெருமாள்மலையிலிருந்து தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். விட்டுவிட்டு, முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். எட்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று கையை உதறுங்கள். கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஏறி வந்தால் ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள். அதற்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும், உங்களுக்கு இடம் இருக்காது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.

மூடுபனி சவரிக்காட்டுக்கு மேலேயே முடிந்துவிடும். கீழே போகப் போகக் காற்று சூடாகும். ஸ்வெட்டரை ஒரே இடத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாகக் குறையுங்கள், வியர்வையோடு இறக்கக் காற்று பட்டால் உடம்பு நடுங்கிவிடும். வரதமாநதி அணை தெரிந்தால் இறக்கம் முடிந்தது என்று அர்த்தம். அங்கிருந்து பழனி சில கிலோமீட்டர்தான்.

பழனியில் அறை எடுத்ததும் முதல் வேலையாகக் கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மறுநாள் காலை ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் சுமார் 60 கி.மீ. அங்கேயும் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதனால் மதியத்துக்கு முன்பே லக்கேஜ் அலுவலகத்தில் போய்ப் பேசி, சைக்கிளைச் சாக்கில் கட்டி, பிரேக் வேன் நிற்கும் இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஏற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு நீங்கள் ஏறுங்கள். எங்கள் மூன்று சைக்கிளில் ஒன்று முதல் முறை நடைமேடையிலேயே நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது.